பாரமில்லாத பவர் சப்ளை

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் கொம்பியூட்டர் எரிந்த கதையை இப்போது எடுப்பதே இல்லை. அப்பாவுக்கு மனம் நோகும் என்று விட்டிருக்கிறீர்கள். ஒரு தரமாவது நீங்கள் என்னை ஏசியிருந்தால் நானும் நாலு சொல் திருப்பிப் பேசி அதோடு ஆறியிருப்பேன். பேசாமல் விட்டதுதான் எனக்குள்ளே கிடந்து அரிக்கிறது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் மகள் திருத்தட்டும்.

அது புதிதாக வாங்கிய கொம்பியூட்டர் அல்ல. உங்கள் மாமா வெளிநாட்டுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. மகள், உன்னுடைய உயர்தரப் படிப்புக்கென்று அதை முன் அறை மூலையில் வைத்தோம். செம்பாட்டு மண் தூசி படியாமல் அம்மா பழைய சீலையில் சுருக்கு வைத்து ஓர் உறை தைத்தாள். "மூடினால் சூடாகும் அம்மா" என்று நீ கழற்றுவாய். நீ பள்ளிக்கூடம் போனதும் அவள் திரும்பப் போடுவாள்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு மூலையில் செங்கல் அளவில் இன்னொரு பெட்டி இருக்கிறது. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, உள்ளே உள்ள மற்றவற்றுக்கு அளந்து கொடுப்பது அதுதான். பவர் சப்ளை என்று அதற்குப் பெயர். அது ஒரு நாள் நின்றுபோன பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியும்.

புதியது வாங்க நானும் நீயும் யாழ்ப்பாணத்துக்குப் போனோம். கடைக்காரர் மேசையில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் 600 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. மற்றதில் 450. அதற்குத்தான் விலை கூட.

"அப்பா, ரெண்டையும் ஒருக்காக் கையிலை தூக்கிப் பாருங்கோ" என்றாய்.

"என்ன, மீனே வாங்கப் போறம், தூக்கிப் பாக்க?"

"உள்ளுக்கை சாமான் இருந்தாத்தானே பாரம் இருக்கும். உந்த 600 வெறும் தகரம்."

"பிள்ளை, நான் கிணத்துக்கு மோட்டர் வாங்கின ஆள். எத்தினை குதிரைவலு எண்டு தகட்டைப் பாத்துத்தான் வாங்கினனான். நம்பர் கூடினால் பலம் கூட. உது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

கடைக்காரர் சிரித்தார். "நம்பரை ஆரும் ஒட்டலாம் அண்ணை. பிள்ளை சொல்லுறது ஞாயம். வீட்டு லைனிலையே மோட்டரும் ஓடுதெண்டால் ஒரு யூபிஎஸ்ஸும் கொண்டு போங்கோ. கரண்ட் இறங்கி ஏறினாலும் அது தாங்கும்."

"பிறகு பாப்பம்" என்று 600 போட்டதைக் காட்டினேன்.

வெங்காயத்துக்கு மருந்து அடிக்க வேண்டிய மாதம் அது. கையில் காசு குறைவு என்பது உண்மை. ஆனால் காரணம் அது மட்டுமல்ல. ஒரு வெளியாளுக்கு முன்னால் என் மகள் என்னைவிடத் தெரிந்தவளாக நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நீ படிக்க வேண்டும் என்றுதான் எல்லாம் செய்தேன். நீ படித்ததைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாய்.

எங்கள் வீட்டில் மோட்டர் போட்டால் லைற் ஒரு கணம் மங்கிப் பிறகுதான் தெளியும். அந்த ஒரு கணத்தில் கொம்பியூட்டர் நின்றுவிடும்.

"அப்பா, மோட்டர் போட முதல் ஒரு சத்தம் குடுங்கோ. நான் நிப்பாட்டிப்போட்டுச் சொல்லுறன்."

"ஓம் ஓம்."

"அப்பா ரெண்டு ஓம் சொன்னால் இல்லை எண்டு அர்த்தம் அக்கா" என்றான் உன் தம்பி.

"உங்களுக்குக் கொழுப்பு. கரண்டே இல்லாத காலத்திலை நாங்கள் ஜாம் போத்தலுக்கை திரியைப் போட்டு..."

"அம்மா, ஜாம் போத்தல் கதை வந்திட்டுது! கதவைத் திறவுங்கோ!" என்று அவன் கத்த, குசினிக்குள் அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நீங்கள் பகிடி பண்ணினாலும் அந்தப் போத்தல் விளக்கில்தான் என் படிப்பு நடந்தது. யுத்தத்தில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்த சனம் நாங்கள். திரும்ப வந்தபோது, வந்ததே பெரிது என்று இருந்தோம். மங்கினாலும் எரிகிறதே! அதில் நல்ல கரண்ட், கெட்ட கரண்ட் என்று பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. கரண்ட் இருக்கும்போதே ஓடிப்போய் மோட்டரைப் போட வேண்டும், இல்லாவிட்டால் பயிர் வாடும். எனக்குப் பழகியது அவ்வளவுதான்.

அந்த நாட்களில் நீ பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய செயற்திட்டத்தைச் செய்துகொண்டிருந்தாய். சின்னப்பிள்ளைகள் எழுத்துப் படிக்க ஒரு விளையாட்டு. திரையில் ஓர் எழுத்தைத் தொட்டால் ஒரு குழந்தையின் குரல் அதைச் சொல்லும். ஒழுங்கை முடிவில் உள்ள முன்பள்ளிக்குப் போய், ஆளுக்கு ஓர் எழுத்தாகப் பிள்ளைகளின் குரலைப் பிடித்து வந்தாய். 'ழ' சொல்ல வந்த பெண்பிள்ளை சிரித்துச் சிரித்தே சொன்னதை எங்களுக்குப் போட்டுக் காட்டினாய். அம்மா அதை எத்தனை தரம் போடச் சொன்னாள்!

அந்தக் காலை உனக்கு நினைவிருக்கும். முதல் நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. வெங்காயத் தாள் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. கரண்ட் வந்ததும் கிணற்றடிக்கு ஓடினேன். நீயும் அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறாய். யன்னலுக்குள்ளால் திரையின் வெளிச்சம் தெரிந்தது. நீ என்னைக் கண்டாய். கையை உயர்த்தி, பொறுங்கோ என்று காட்டினாய்.

நான் கண்டேன். கண்டுகொண்டுதான் சுவிட்சைப் போட்டேன்.

பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். நான் உள்ளே வந்தபோது முன் அறை முழுக்க ரப்பர் கருகிய மணம். நீ கதிரையை விட்டு எழும்பவில்லை. வெளியே மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா போய்த்தான் அதை நிறுத்தினாள்.

கடைக்காரர் கழற்றிப் பார்த்தார். "போனது தனியப் போகேல்லை அண்ணை. ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டு போயிட்டுது. நல்ல பவர் சப்ளை எண்டால், தான் செத்தாலும் மற்றதைக் காப்பாத்தும்."

"மோட்டராலையோ இது?"

"மோட்டராலையும் இருக்கும், இந்தத் தகரத்தாலையும் இருக்கும். ஆர் கண்டது."

எதுவாக இருந்தாலும் இரண்டும் என் பிழைதான். பென் ட்ரைவில் பழைய பிரதி ஒன்று இருந்தது. அதில் எழுத்துகள் இருந்தன, குரல்கள் இல்லை. கொடுக்கும் நாளும் கிட்டி வந்துவிட்டது.

"பரவாயில்லை அப்பா, திரும்பச் செய்யலாம்" என்றாய். நீ கை காட்டியதை அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. தம்பி ஒரு ஜாம் போத்தல் பகிடி விடமாட்டானா என்று அன்று இரவு நான் சாப்பாட்டுக் கோப்பையோடு அவன் முகத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

இந்த முறை நீ சொன்னதை வாங்கினோம். பாரமான பவர் சப்ளை, அதோடு ஒரு யூபிஎஸ், புது ஹார்ட் டிஸ்க். மோட்டருக்குத் தனி லைன் இழுக்க வயரிங் ஆளுக்குச் சொன்னேன். அவர் அடுத்த கிழமைதான் வருவதாகச் சொன்னார். முன்பள்ளிக்கு விடுமுறை. நீ சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் குரல் பிடித்தாய். சில பிள்ளைகள் உன்னைக் கண்டு ஓடி ஒளிந்தார்கள். 'ழ' சொன்ன பிள்ளை குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டதாம். கிடைக்காத எழுத்துகளைத் தம்பி குரலை மாற்றி மாற்றிச் சொன்னான்.

"டேய், குழந்தை மாதிரிச் சொல்லடா. உது ஆட்டுக்குட்டி."

"ஆட்டுக்குட்டியும் படிக்கத்தானே வேணும்!"

அறைக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே வந்து சிரிக்க எனக்கு முகம் இல்லை.

நீ அதை முடித்துக் கொடுத்தாய். அதுவும் நன்றாகத்தான் இருந்தது என்று உன் ரீச்சர் சொன்னார். ஆனாலும் முதலில் செய்தது போல இல்லை என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று மட்டும் இருக்கிறது. கொடுப்பதற்கு முதல் நாள் பின்னேரம் அம்மாவும் தம்பியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நீ முன் அறையில் கடைசி வேலையில் இருந்தாய். யூபிஎஸ் இருக்கிறது, இனிப் பயமில்லை என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எனக்கு என் கையில்தான் பயம். கரண்ட் இருக்கும்போது பயிரைப் பார்த்தால் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். கிணற்றடிக்குப் போய், மோட்டர்ப் பெட்டியைத் திறந்து, பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். பிறகு வாளியை எடுத்து, மிகவும் வாடியிருந்த ஓரப் பாத்திக்கு மட்டும் கையால் தண்ணீர் ஊற்றினேன்.