தம்பி லிஃப்ட்

அவள் விரல்கள் 'நூலகக் கட்டடம்' என்று தட்டின. கணினி ஏற்கவில்லை. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதாம். விரல்கள் அலுப்போடு ஓர் இடம் விட்டு 'தம்பி' என்று சேர்த்தன. உடனே ஏற்றுக்கொண்டது.

லிஃப்ட் பராமரிக்கும் அந்த அலுவலகத்துக்கு அவள் கணக்கு எழுத வந்தவள். தரவுத்தளம் அமைக்க யாரும் சொல்லித்தரவில்லை. உதவிப் பக்கங்களைப் படித்து, தப்பும் தவறுமாகச் செய்து பார்த்துத் தானே ஒன்றைக் கட்டினாள். அப்போதெல்லாம் ஒரு கட்டடத்துக்கு ஒரு லிஃப்ட்தான். அதனால் ஒரே பெயர் இரண்டு முறை ஏறாதபடி கறாராக வைத்தாள். பிறகு ஒரே கட்டடத்தில் இரண்டாவது லிஃப்ட் வந்தது. மெக்கானிக்குகள் அதைத் தம்பி என்றார்கள். மூன்றாவதைக் கடைக்குட்டி என்றார்கள். "இப்போதைக்கு" என்று அவளும் அப்படியே பதிந்தாள். அந்த இப்போதைக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

தொலைபேசி எடுக்கும் பெண் வந்த புதிதில் ஒரு துணிக்கடைக்காரரிடம், "சார், உங்க தம்பி நடுவுல நின்னுட்டாராமே, இப்ப பரவாயில்லையா?" என்று உருக்கமாக விசாரித்தாள். அன்று அலுவலகமே சிரித்தது.

இன்று நெட்டை மெக்கானிக் கண் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, இங்க தம்பிக்கு ரோப் மாத்தியாச்சுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா. திரையிலயே இருக்கே."

"திரையில இருக்கும். இங்க இழை இழையா பிரிஞ்சு தொங்குது. லிஃப்டைப் பூட்டிட்டேன்."

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. எல்லாருக்கும் இடப்பக்கம் இருப்பதுதான் தம்பி. ஆனால் சிலர் முன்வாசல் வழியாகப் போகிறவர்கள், சிலர் பின்வாசல் வழியாக. புது இரும்புக் கயிறு அண்ணனுக்குப் போய்விட்டது. ஜோடி லிஃப்ட் உள்ள மற்ற கட்டடங்களில் எது பழைய கயிற்றில் ஆட்களைத் தூக்கிக்கொண்டிருக்கிறதோ, யாராலும் சொல்ல முடியவில்லை.

முதலாளி சாவதானமாகச் சொன்னார். "குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கில்ல, அதுல இடது வலதுன்னு போட்டுடும்மா."

"குறிப்புல ஏற்கெனவே வாட்ச்மேன் நம்பர் இருக்கு, நாய் கடிக்கும்னு இருக்கு, சாவி மாடி வீட்லன்னு இருக்கு. எந்த வாசல்ல நின்னு சார் இடதுன்னு போடறது?"

"ஓடிக்கிட்டிருக்கறதை ஏன் நோண்டணும்?"

"ஓடுது சார், அதான் பயமா இருக்கு. பூட்டின லிஃப்ட்ல யாரும் ஏற மாட்டாங்க."

அவர் தண்ணீர் குடித்தார்.

"புதுசா டேட்டாபேஸ் கட்டறதை வெளியாளை வெச்சு செய்யச் சொல்லேன். உனக்கென்ன தலையெழுத்தா?" என்றார் வீட்டில் கணவர்.

"வெளியாள்கிட்ட கடைக்குட்டின்னா யாருன்னு முதல்ல விளக்கணும். அதுக்கு நானே செஞ்சிடலாம்."

பழைய பதிவுகளை அப்படியே புதிதில் கொட்டினால் பழைய பொய்யும் சேர்ந்து வந்துவிடும். அதனால் கட்டடம் தனி, லிஃப்ட் தனி என்று பிரித்தாள். ஒவ்வொரு மோட்டார் மீதும் பொறித்த எண் உண்டு. அது இல்லாமல் எந்த லிஃப்டும் பதிவாகாது. எண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றதும் மெக்கானிக்குகள் முணுமுணுத்தார்கள்.

"என்னக்கா, மக்கள்தொகைக் கணக்கெடுப்பா?"

"ஆமா. விட்டா உன்னையும் லிஃப்டோட சேர்த்து எழுதிடுவேன்."

ஒருவன் அனுப்பிய படத்தில் அவன் கட்டைவிரல் மட்டுமே தெரிந்தது. திரும்பப் போகச் சொன்னாள். இன்னொருவன் கிரீஸைத் துடைக்காமலே எடுத்திருந்தான். அவனையும் போகச் சொன்னாள். எந்த லிஃப்டுக்குக் கயிறு மாற்றினார்கள் என்று உறுதியாகத் தெரியாத இடங்களில் யாருடைய ஞாபகத்தையும் நம்பாமல் 'தெரியாது' என்றே பதிந்தாள். அந்த லிஃப்டுகளையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை பூட்டிவைக்கச் சொன்னாள். கட்டடக்காரர்களின் வசவு முழுக்க முதலாளியின் தொலைபேசிக்குப் போனது.

எல்லாம் ஏறி முடிந்த காலையில் நெட்டை தன் கைபேசியில் புதியதைத் திறந்து 'தம்பி' என்று தேடினான்.

"ஒண்ணுமே வரலயேக்கா. தம்பி எங்க?"

"தம்பிக்கு நம்பர் வந்தாச்சு."

கண் மருத்துவமனைக்கான வேலைத்தாளை நீட்டினாள். "எந்த வாசல்ல நுழைஞ்சாலும் இதே நம்பர்தான். மோட்டார்ல படிச்சுப் பார்த்துட்டு ரோப்ல கை வை."

அவன் தாளைப் பிடித்தான். அவள் விடவில்லை. அவன் எண்ணை வாய்விட்டுப் படித்தான். கடைசி இலக்கம்வரை கேட்டுவிட்டு விரல்களை எடுத்தாள்.