கையில் குடம், வாயில் மீன்பிடிக் கதை

எங்கள் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு நடக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் டீச்சர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான் என்பதை, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை மட்டும் சொன்னதில்லை. அம்மாவும் சொன்னதில்லை. பூசையில் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பாட்டையும் மனப்பாடமாகவே பாடுவார். பக்கத்தில் நிற்பவர்கள் தாளைப் புரட்டினால் தானும் புரட்டுவார்.

இந்த வருடம் குடும்ப நாளுக்கு ஒரு விளையாட்டை நான் யோசித்தேன். குடும்பத்துக்கு ஒரு கடதாசித் துண்டு. அதில் வேதாகமக் கதை ஒன்று இருக்கும். பெற்றோரில் ஒருவர் சத்தமாக வாசிக்க, பிள்ளைகள் நடிக்க வேண்டும். பங்குத் தந்தைக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் சைக்கிள் மிதித்து வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தங்கச்சி என் வகுப்பில் இருக்கிறாள். அப்பா ஞாயிறு காலையில் வாவியில் மீன்பிடித்துக்கொண்டு நிற்பார். வாசிக்க வேண்டியது அம்மா. மறைத்து மறைத்தே பழகி, எனக்கே அது மறந்துபோயிருந்தது.

"எனக்குக் காய்ச்சலெண்டு சொல்லு" என்றார் அம்மா.

தங்கச்சி அழத் தொடங்கினாள்.

"நீங்க பாடமாக்குங்கம்மா. துண்டு குடுக்கிறது நான்தானே, பாத்துத் தருவன்" என்றேன்.

கதையை அம்மாவே தெரிவுசெய்தார். இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காமல், விடிந்த பிறகு படகு தாழும் அளவுக்கு மீன் பட்ட கதை. "உங்கட அப்பாவ நினைச்சா மறக்காது." அந்தக் கிழமை முழுக்க அம்மா இருந்து இறால் துப்புரவாக்க, நான் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாளே ஒரு சொல் பிசகாமல் வந்துவிட்டது.

குடும்ப நாளன்று பாதர் என் கையிலிருந்த துண்டுகளை வாங்கி ஓலைப்பெட்டிக்குள் போட்டுக் குலுக்கினார். "குலுக்கி எடுத்தாத்தானே விளையாட்டு பம்பலா இருக்கும்!"

அம்மா ஒன்றை எடுத்தார். நடிப்புச் சாமான்களுக்குப் பொறுப்பாக நின்ற சிஸ்டர் துண்டிலிருந்த கதை இலக்கத்தைப் பார்த்து, தங்கச்சியிடம் ஒரு தண்ணீர்க் குடத்தைக் கொடுத்தார். கலியாண வீட்டில் தண்ணீர் திராட்சை இரசமாக மாறிய கதைக்குரிய குடம் அது. அம்மா குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார், துண்டை விரித்தார், வாசிப்பதுபோல வலை வீசிய கதையைத் தொடங்கினார்.

"அம்மா, இது வேற கதை" என்று தங்கச்சி கிசுகிசுத்தாள். அம்மா நிறுத்தவில்லை. மீன்கள் படகை நிறைத்த இடத்தில் சனம் சிரித்தது.

"என்னகா, கலியாண வீட்டுக்கு வலையோடயா போற?" என்று எங்கள் பக்கத்து வீட்டு மாமி பின்னாலிருந்து கேட்டார்.

நான் முன்னால் போனேன். "பிழை என்னில. துண்ட மாத்தி எழுதிட்டன்."

"எங்க, பாப்பம்" என்று சிஸ்டர் கையை நீட்டினார்.

அம்மா துண்டைக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"அவ பிழையா எழுதமாட்டா சிஸ்டர். எனக்குத்தான் வாசிக்கத் தெரியா. அவ சொல்லித் தந்ததச் சொன்னன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா துண்டைத் தங்கச்சியிடம் நீட்டி, குடத்தை வாங்கி இடுப்பில் வைத்தார். "நீ வாசி மகள். நான் நடிக்கிறன்."

தங்கச்சி வாசித்தாள். இரசம் தீர்ந்துபோன இடம் வந்ததும் அம்மா குடத்தைக் கவிழ்த்துக் காட்டி, "பாதர், மாப்பிள வீட்டாக்கள் இன்னும் குடிக்கல்ல, இஞ்ச ஒரு சொட்டும் இல்ல! என்ன செய்யிற?" என்று கத்தினார். பாதர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மாமியின் கைதட்டல்தான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா என் தோளில் ஒரு அடி வைத்தார். "கோயிலடியில நிண்டு பொய் சொல்றா. இவ ஒரு டீச்சர்!"

"உங்களுக்காகத்தானே சொன்னன்."

"எனக்குத் தெரியாதெண்டா தெரியாதுதான். அதுக்கு, நீ எழுதினது பிழையெண்டு சொல்லுவியா?"



"குடத்தக் கண்டும் உங்களுக்கு விளங்கல்லயா?" என்று கேட்டேன்.

"தோணிக்கெண்டு நினைச்சன். உங்கட அப்பா குடிதண்ணி இல்லாம தோணி ஏறுவாரா?"

அடுத்த ஞாயிறு பூசைக்குப் புறப்படும்போது, வழக்கம்போலப் பாட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். "வேணாம், நீயே வச்சிக்க" என்றார். அன்று முதற் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் தங்கச்சியின் பின்னலைச் சரிசெய்துகொண்டே, ஒரு சொல் விடாமல் பாடினார். இரண்டாம் பாட்டில் பக்கத்தைத் தேடி நான்தான் பிந்திப்போனேன்.