நிமிர்ந்து சொல்லு

சங்கரன்கோவிலில் இன்றைக்குக் காசிராஜன் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'சாப்பிட்டியாலே மாமா' என்றால் கைக்குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கும். டிவி சீரியலில் காது கேளாத மாமனார் அவன். முப்பத்தாறு வயதில் நரைமுடி ஒட்டிக்கொண்டு, வீட்டில் இடியே விழுந்தாலும் "சாப்பிட்டியாலே?" என்று கத்த வேண்டும். அதுதான் வேடம்.

அந்த வேடத்தை எங்கிருந்து சுட்டான் என்பதைச் சொன்னால்தான் மீதி விளங்கும். சென்னையில் ஸ்டாண்ட்-அப் காமெடி தொடங்கிய புதிதில், ஒரு காபிக்கடை மாடியில் நாற்பது பேர் முன்னால் நின்று பேசுவான். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். ஒருநாள் பதற்றத்தில், அப்பா போனில் பேசுவதை அப்படியே செய்து காட்டினான். அப்பா மகாராஜன் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டி, அந்த இரைச்சலில் காதைத் தொலைத்தவர். மகன் வேலை போச்சு என்றாலும், காய்ச்சல் என்றாலும் போனில் அவருக்கு ஒன்றும் கேட்காது. தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்பார்: "சாப்பிட்டியாலே?" மாடியே அதிர்ந்தது. அன்றிலிருந்து காசிராஜன் அப்பாவை விற்றுத்தான் சாப்பிட்டான்.

வெட்கம் இல்லாமல் இல்லை. "அவரு தெனமும் ஒன்னைய டிவில பாக்காருலே" என்று அம்மா சுந்தரம்மாள் சொல்லும்போதெல்லாம் பேச்சை மாற்றுவான். காதுதான் கேட்காதே, வெறும் படம்தானே பார்க்கிறார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வான்.

போன தை மாதம் ராஜபாளையம் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை திறப்புவிழா. ரிப்பன் வெட்ட அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா, சலவை வேட்டியில். ஸ்பீக்கர் காதைக் கிழித்தது. பந்தலின் அந்தக் கோடியில் அவருடைய பழைய தறிக்கூட்டாளி நல்லக்கண்ணு. இரண்டு பேரும் அங்கிருந்தும் இங்கிருந்தும் வாயை மட்டும் அசைத்து, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் நின்றவனுக்குக் குப்பென்று வியர்த்தது. தறி ஓடும் இடத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். காது உதவாது என்பதால், உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார்கள். தூக்குவாளியில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன வயதில் அவனே பார்த்ததுதான். அதையா மறந்தான், பாவி! போனில்தான் அவருக்கு ஒன்றும் தெரியாது. டிவியில் இவன் வாய் நன்றாகவே தெரியுமே.

"சாப்பிட்டியாலே! சாப்பிட்டியாலே!" என்று கூட்டம் கத்தியது. சொல்லாமல் இறங்க முடியாது. மைக்கை உதட்டோடு ஒட்டி, வாயை முழுக்க மறைத்துக்கொண்டு ஒப்பித்து முடித்தான். அப்பா கையை ஆட்டி, இறக்கு இறக்கு என்று சைகை காட்டினார். பார்த்தும் பார்க்காதவன்போல நின்றான்.

கீழே இறங்கியதும் அவரே பக்கத்தில் வந்தார்.

"மைக்க வச்சு எதுக்குலே வாய அடைச்ச? டிவில நீ பேசுதது ஒரு வார்த்த விடமாட்டேன். இங்கன ஒண்ணும் தெரியல."

"எல்லாந் தெரியுமாப்பா?"

"அது நான்தானலே? மொதல்ல ஒரு மாதிரி வலிச்சுது. பெறவு, பொழைச்சுப் போறான்னு விட்டுட்டேன்."

காசிராஜன் தலையைத் தொங்கப்போட்டான். "தப்புப் பண்ணிட்டேன்ப்பா" என்று செருப்பைப் பார்த்துச் சொன்னான்.

மகாராஜன் குனிந்து அவன் முகத்தைத் தேடினார். "கீழ பாத்துப் பேசினா எனக்கு எப்படிலே தெரியும்? நிமிந்து சொல்லு."

செல்பி எடுக்க வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தை நிமிர்த்தி, வாயை நன்றாகத் திறந்து, அதையே இன்னொரு தடவை சொன்னான்.