சாயம் போன தண்ணீர்

ஆய்வகத்து வாக்குவம் பம்பைப் பழைய போர்வையில் சுற்றி, ஆட்டோவில் காலடியில் வைத்துக்கொண்டு கணபதிப் பகுதியில் இருந்த ஒரு பட்டறைக்குப் போனேன். பழுது பார்க்கக் கம்பெனி ஆள் வர ஒரு மாதம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார்கள். பட்டறைக்காரர் எண்ணெயைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்து, "எண்ணெயில தண்ணி சேந்திருக்குதுங்க அம்மணி" என்றார். மூன்றாம் நாள் பம்ப் ஓடியது. அதற்கப்புறம் அது எப்போது முரண்டு பிடித்தாலும் அவர்தான். எங்கள் எல்லோருக்கும் அவர் பம்ப் அண்ணன்.

அந்தப் பம்ப் இல்லாவிட்டால் என் ஆராய்ச்சியே இல்லை. புளியங்கொட்டைப் பசையையும் பஞ்சாலைக் கழிவுப் பஞ்சில் எடுத்த நாரையும் தண்ணீரில் கலந்து உறையவைக்க வேண்டும். பிறகு காற்றை உறிஞ்சி உள்ளிருக்கும் பனிக்கட்டியை அப்படியே ஆவியாக்கினால், எடையே தெரியாத வெள்ளை வில்லை மிஞ்சும். அதுதான் ஏரோஜெல். உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். சாயத் தண்ணீரில் போட்டால் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் பெருமையாக இதையெல்லாம் விளக்க, அண்ணன் ஒன்றை விரலால் தட்டி, "பொரிச்ச வடகமாட்ட இருக்குதுங்க" என்றார். என் நான்கு வருஷ உழைப்புக்கு வந்த பாராட்டு அவ்வளவுதான். கோபம் வந்தது. ஆனால் அன்று முதல் ஆய்வகத்தில் அதற்கு வடகம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. என் பேராசிரியை உட்பட யாரும் வேறு பெயர் சொல்வதில்லை.

அவர் வீடு திருப்பூர்ப் பக்கம். போர்வெல் தண்ணீர் சில வருஷமாகவே சாயப்பட்டறைக் கழிவு கலந்து, செம்மண் கரைத்ததுபோல் வந்தது. குடிக்கக் கேன் தண்ணீர்தான். "ஊட்டுத் தண்ணிய ஊட்டுல குடிக்க முடியலைங்களே" என்று ஒருநாள் சொன்னார். பத்து வடகம் கேட்டார், கொடுத்தேன். குடிக்க ஆகுமா என்று ஆசையாகக் கேட்டார். நிறம்தான் போகும், உப்பும் மற்றதும் போகாது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பாத்துக்கலாங்கண்ணா" என்றேன். எங்கள் ஊரில் அதற்கு ஆகாது என்றுதான் அர்த்தம். அவருக்குப் புரிந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஆசைப்பட்ட மனதுக்கு அர்த்தமெல்லாம் எங்கே தெரிகிறது?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பட்டறைக்கு உடனே வரச்சொல்லிப் போன் செய்தார். போனால் லேத்துகளை நிறுத்திவிட்டு வேலையாட்கள் எல்லோரும் கூடி நின்றார்கள். வாளியில் என் வடகங்கள் சிவந்து ஊறிக் கிடந்தன. மேசைமேல் கண்ணாடி டம்ளரில் பளிங்காகத் தண்ணீர்.

"ஊட்டுத் தண்ணிங்க அம்மணி. மொத வாய் நான் குடிச்சுப்போட்டு, மிச்சத்தப் புள்ளைக்குக் கொண்டுபோறேன்" என்று டம்ளரைத் தூக்கினார்.

"குடிக்காதே" என்று கத்திவிட்டேன்.

பட்டறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. என்னைவிட இருபது வயது மூத்தவர், அவருடைய இடம், அவருடைய ஆட்கள் முன்னால். சண்டையில்கூட மரியாதைக்கான ‘ங்க’வைக் கைவிடாத ஊர் இது. கண்ணுக்குத் தெரியாத நஞ்சு அதில் இன்னும் இருக்கலாம், முன்பே சொல்லாதது என் தப்பு என்று அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்தத் தண்ணிக்காக எத்தனை பேருகிட்டப் போய் நின்னிருப்பேனுங்க. ஆபீஸ்ல, சாயக்காரங்ககிட்ட. எல்லாரும் பாத்துக்கலாங்க, பாத்துக்கலாங்கன்னு மரியாதையாத்தான் சொல்லி அனுப்புனாங்க. நீங்க ஒருத்தர்தானுங்க மரியாதையில்லாம சொன்னீங்க. என்ற புள்ள தப்பிச்சுது."

இப்போது நான் ஆராய்ச்சி செய்த கல்லூரியிலேயே பாடம் நடத்துகிறேன். நிறத்தோடு உப்பையும் பிடிக்கும் வடகம் செய்யப் பார்க்கிறேன், இன்னும் கைகூடவில்லை. அவர் வீட்டுக்கு இன்றும் கேன் தண்ணீர்தான் போகிறது. அவ்வப்போது போன் செய்வார். சாப்பாடு, மழை, பம்ப் எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, கடைசியில், "இப்பக் குடிக்கலாமுங்களா அம்மணி?" என்பார்.

"கூடாது" என்பேன், ‘ங்க’ போடாமல்.