மச்சானுடைய பேஸ் கிட்டார்

அவரைக் கெலாங் பாத்தாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தேன். பேஸ் கிட்டார் விற்பதாக இணையத்தில் படம் போட்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மழிக்காத தாடி, கண்ணைப் பார்த்துப் பேசாத முகம். கிட்டாரோ அன்னாசிப்பழ மஞ்சளில், மாட்டுக்கொம்பு போல் வளைந்த இரு முனைகளோடு கடையையே திரும்பிப் பார்க்க வைத்தது. எங்கள் சர்ச் இசைக்குழுவுக்காக இப்படியொன்றைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

“யாரோடது அண்ணே?”

“மச்சானோடது லா. எனக்கு வாசிக்கத் தெரியாது.”

கிட்டாரின் கழுத்து வளையவில்லை, கம்பிகளில் துரு இல்லை. இவ்வளவு நல்ல சாமானை ஏன் தள்ளிவிடப் பார்க்கிறார்? திருட்டுச் சாமானோ? பேசும்போதெல்லாம் கம்பிகளுக்கு அடியில் ஒலியை வாங்கும் கறுப்பு பிக்கப்பின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்தபடியே இருந்தார். வெடிப்பை மறைக்கிறார் என்று நினைத்தேன்.

“கொஞ்சம் கைய எடுங்கண்ணே.”

சட்டென்று எடுத்தார். வெடிப்பு இல்லை. வாசிப்பவர் கட்டைவிரல் ஊன்றும் அந்த இடம் தேய்ந்து குழிந்திருந்தது. அதுவரை அவர் விரல் அதில் அச்சாகப் பொருந்தியிருந்தது.

“மச்சான் ரொம்ப நாள் வாசிச்சாரோ?”

“தெரியல லா” என்றவர், பையில் வைக்குமுன் தடித்த கம்பியைச் சுண்டி, காதைச் சாய்த்து, முறுக்காணியை இம்மியளவு திருகினார். சுதி சரியாக நின்றது.

வாங்கிவிட்டேன். ஞாயிறுதோறும் அந்தக் குழியில் என் விரலை ஊன்றுகிறேன். கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது. திருட்டுச் சாமான் இல்லை என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. தன்னுடையதைத் தன்னுடையது என்று சொல்ல அந்த மனிதருக்கு என்ன பயம்?