ஐஸ் அறைச் சுவிட்ச்

தங்கராசா அண்ணனின் காலை முறித்தவன் நான்தான். அதோடு நிற்கவில்லை. அவரை ஊர் முன்னால் மடையனாக்கியவனும் நான்தான்!

நான் அதிகம் படித்தவனில்லை. வயர் இழுக்கத் தெரியும். கல்முனைக் கரையில் அன்றைக்கு அது போதும். எண்பதுகளின் தொடக்கம். மீனுக்கு ஐஸ் அடிக்கும் இடமொன்றில் வேலை செய்தேன்.

அங்கே ஐஸ் அறைக் கதவைத் திறந்தால் விளக்கு தானாக எரியும், மூடினால் அணையும். உள்ளே ஐஸ்கட்டி அடுக்குபவர் பாண்டிருப்புத் தங்கராசா அண்ணன். திறந்துவைத்து அடுக்கினால் ஐஸ் கரையும், முதலாளி ஏசுவார். மூடினால் இருட்டு.

"கையால போடுற சுவிட்ச் ஒண்டு உள்ளுக்கு வைச்சுத் தா மனே. நான் என்ன ஆந்தையா, இருட்டுக்க பாக்க?" என்றார்.

"இண்டைக்கே செஞ்சி தாறன்" என்றேன்.

அன்று வெள்ளிக்கிழமை. அந்தச் சுவர் இரண்டு பலகைக்கு நடுவே உமி அடைத்தது. துளைத்தால் உமி கொட்டும். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. சுவிட்சை வெளியே, கதவருகில் பொருத்தினேன். தொழுதுவிட்டு வந்து உள்ளே மாற்றலாம்... அவரிடம் சொல்லவில்லை.

விளக்கை எரியவிட்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழுச் செய்யப் போனேன். அதற்குள் அவர் உள்ளே போய்க் கதவை மூடியிருக்கிறார். விளக்கு அணையவில்லை. நான் சொன்னபடி செய்துவிட்டேன் என்று நம்பியிருப்பார்.

நான் திரும்பி வந்தேன். கதவு மூடியிருந்தது. ஜும்ஆ நேரத்தில் உள்ளே யார் இருக்கப்போகிறார்கள்? சுவிட்சை அணைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தேன்.

அவர் பள்ளிக்குப் போகிறவரா? எனக்குத் தெரியாதா! அந்த நேரம் அவர் என் நினைவிலேயே இல்லை...

தொழுதுவிட்டு வந்து, நானும் கூட வேலை செய்பவர்களும் கதவைத் திறந்தோம். இருட்டில் தடுமாறி அடுக்கில் மோதியிருக்கிறார். கட்டிகள் சரிந்து காலில் கிடந்தன.

எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. சுவரைத் துளைத்தேன். கொட்டிய உமியைக் கூட்டி அள்ளினேன். முதலாளி வந்து பார்த்தபோது சுவிட்ச் உள்ளே இருந்தது.

"உள்ளுக்குத்தானே முதலாளி இரிக்கி! அவர் போடாம நிண்டா நான் என்ன செய்யிற?"

அவருடைய வேலை போயிற்று. கால் கோணலாகப் பொருந்தியது. தேநீர்க் கடையில் பட்டமும் வைத்தார்கள்.

"என்ன சுவிட்ச் அண்ணன், இண்டைக்கு வெளிச்சமா, இருட்டா?"

நானும் சிரித்தேன். கேட்டுக்கொள்ளுங்கள்... நானும் சிரித்தேன்!

ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"சுவரெல்லாம் தடவினன் மனே. கைக்குப் படல்லியே... எவ்விடத்தில இருந்திச்சி? சரியாக் காட்டு."

கை எழுந்தது. அவருடைய வீட்டுச் சுவரில், கதவுக்கு வலப்பக்கம், தோள் உயரத்தில் ஓர் இடத்தைத் தொட்டேன்.

அவர் தடியை ஊன்றி எழுந்து வந்தார். அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சீ! இவ்வளவு கிட்டவா இருந்திச்சி..."

தலையாட்டினேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.