மயிரிழையார் வைக்காத முத்திரை

பீரங்கிக் குண்டுத் தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றிய அவரை ஊரார் மயிரிழையார் என்றே அழைத்தனர். குண்டின் இடுப்பைச் சுற்றிப் பொருத்தும் செப்பு வளையம் ஒரு மயிரிழை தடித்திருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

அவ்வூரில் இரண்டு கட்சிகள் இருந்தன. கொடி வேறு, மேடை வேறு; தொழிற்சாலை வாசலுக்கு வந்ததும் வாக்குறுதி மட்டும் ஒன்று: “ஆர்டர் குறையாது.” அண்டை நாட்டோடு சமாதானப் பேச்சு தொடங்கிய ஆண்டில் இரு வேட்பாளர்களும் கைகோத்து உண்ணாவிரதம் இருந்தனர். பேச்சு முறிந்தது, கடைத்தெருவில் இனிப்பு வழங்கினார்கள்.

குண்டு ஒன்றுதான், அதன் பாகங்களோ முப்பத்தொரு தொகுதிகளில் தயாராயின. அப்படிப் பிரித்துக் கொடுத்தவர் பொறியாளர் அல்லர். நாடாளுமன்றத்தில் தலை எண்ணத் தெரிந்த ஓர் அமைச்சர். செப்பு வளையம் அவருடைய சொந்தத் தொகுதியிலிருந்து வந்தது. அவ்வாண்டு வந்த நாலாயிரமும் தடிப்பு. மயிரிழையார் நாலாயிரத்தையும் கழித்தார்.

மறுநாளே உள்ளூர் எம்.பி. வீடு தேடி வந்தார். உடன், தொழிற்சங்கச் செயலாளரான மயிரிழையாரின் மைத்துனர்.

“ஐயா, நீங்க முத்திரை வைக்கலேன்னா ஆர்டர் வேற ஊருக்குப் போயிடும். எட்டாயிரம் குடும்பம்ங்க,” என்றார் எம்.பி.

“தடிச்ச வளையத்தோட சுட்டா குண்டு குழலுக்குள்ளயே வெடிக்கும். சுடுறவனுக்கும் குடும்பம் இருக்குமே?”

“சண்டையே இல்ல மச்சான், யாரு சுடப்போறா?” என்றார் மைத்துனர். “கிடங்குலதானே கிடக்கப்போகுது.”

“அப்ப களிமண்ணுல செஞ்சிடலாமே.”

ஆய்வுப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. முத்திரை வைத்தவர், அத்தொகுப்பின் முதல் குண்டைச் சோதனைக்காகச் சுடும்போது பீரங்கியருகே நிற்கவேண்டும். அப்படி நின்று நின்றே மயிரிழையாரின் இடக்காது மந்தமாகியிருந்தது.

“சரிங்க, வைக்கிறேன்,” என்றார் அவர். “சோதனை அன்னிக்கு நீங்களும் பக்கத்துல வந்து நில்லுங்க.”

எம்.பி. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இருபதே நாளில் நாடாளுமன்றம் அவ்வழக்கத்தை நீக்கியது. சோதனையையும் வீண்செலவென்று நீக்கியது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருமனதாகக் கைதூக்கியது அவ்வாண்டில் அதற்கு மட்டுமே. இனி உயிர்ப்பயம் இல்லையே, வைத்துவிடலாமே என்று மேலாளர் கனிவோடு எடுத்துரைத்தார். மயிரிழையார் முத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். வேலை போயிற்று; தொழிற்சாலைக் குடியிருப்பைக் காலி செய்யப் பதினைந்து நாள் கெடு.

மனைவியார் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய தம்பி, அதாவது மைத்துனர், வாசலில் வந்து நின்றார்.

“என்னடா, அந்த வேலை உனக்கா?”

“யாராவது வைக்கணுமேக்கா.”

“வீடும்?”

“ம்.”

“சமையலறை மேல ஓடு ஒண்ணு விரிசல் விட்டிருக்கு. அதையாவது ஏறிப் பார்த்துட்டு ஏத்துக்க.”

அவர் ஏறிப் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் குடியேறினார். நாலாயிரத்துக்கும் முத்திரை விழுந்தது. அடுத்த ஆண்டு ஆர்டர் எட்டாயிரமாயிற்று.

மயிரிழையார் இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் தையல் எந்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தார். வீடுவீடாக ஓட்டுக் கேட்டு வந்த இரு கட்சியாரும் அந்த ஒரு வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள்.